லாக்கிங் ஹப் வாங்குமுன் முன் ஆக்சிலைத் திறந்து பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது. நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப். முன்பக்க இடது ஹப்பை லாக்கில் வைத்தாலும் ஏற்றத்தில் 'டக் டக்' என்று நழுவுகிறது. கம்பத்துக் கடைக்காரர் ஒரு ஹப்பைக் காட்டுகிறார், கோட்டயத்துக் கடைக்காரர் வேறொன்றைக் காட்டுகிறார், இணையத்தில் வெளிநாட்டு ஹப் ஒன்று இரண்டையும் விடக் கூடுதல் விலையில் கிடைக்கிறது. எதை வாங்குவது, அப்படியே தானாகப் பூட்டிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஹப்புக்கு மாறிவிடலாமா என்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'ரெண்டு வருஷத்துல இது மூணாவது ஹப்.' உண்மையான கேள்வி அதுதான். ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காக மாட்டிய ஹப் பல வருடம் உழைக்கும். மூன்று போயிருக்கிறது என்றால் ஹப்பைத் தின்கிற ஏதோ ஒன்று அந்தச் சக்கரத்துக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நான்காவதை மாட்டினால் அதுவும் போகும், எந்தக் கம்பெனி முத்திரை இருந்தாலும் சரி.

நான் ஐடிஐ முடித்துவிட்டு கம்பத்தில் பட்டறை வைத்து 27 வருடம் ஆகிறது. என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஏறி இறங்குகிற ஜீப்புகள்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஹப் என்ன செய்கிறது என்று தெளிவாக்கிக்கொள்வோம். முன் கிரவுனிலிருந்து, அதாவது முன் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து, வரும் ஆக்சில் தண்டின் நுனியில் பல் வெட்டியிருக்கும். அந்தத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது ஹப். ஹப்பின் வெளிமுகத்தில் இருக்கும் குமிழைத் திருப்பி ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் தனியாக உருளும், தண்டு சும்மா நிற்கும். லாக்கில் வைத்தால் உள்ளே ஒரு பல் வளையம் நகர்ந்து தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாகக் கோத்துவிடும். அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் மலிவாக விற்றபோது, அவற்றைத் தார் ரோட்டில் ஓட்டத் தோதாக 1948-இல் ஆர்தர் வார்ன் என்பவர் இந்த ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். வார்ன் என்ற பெயர் இன்றும் ஹப்பில் வருவது அப்படித்தான். அடிப்படை வேலை இன்றுவரை மாறவில்லை.

இதில் பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் உண்டு. முன் கிரவுனில் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற சாதாரண டிஃபரன்ஷியல்தான் இருக்கிறது. ஒரு பக்க ஹப் லாக்கிலும் மறுபக்கம் ஃப்ரீயிலும் இருந்தால், விசையெல்லாம் சுலபமாகச் சுற்றுகிற பக்கம் ஓடிவிடும். ஃப்ரீ பக்கத்துத் தண்டு சக்கரத்துக்குள்ளேயே வீணாகச் சுற்றும், லாக் பக்கத்துச் சக்கரம் நகராது. ஆகவே இடது ஹப் நழுவுகிறபோது உங்களுக்கு ஒரு சக்கரம் மட்டும் போகவில்லை, முன்பக்கம் மொத்தமாகவே போய்விடுகிறது. சகதி ஏற்றத்தில் ஆள் ஏற்றியிருக்கும்போது இது ஆபத்தான விஷயம். சரியாகும்வரை அந்த வண்டியைச் செங்குத்தான தடத்துக்கு அனுப்பாதீர்கள்.

சரி, மூன்று ஹப் ஏன் போனது? என் அனுபவத்தில் முதல் சந்தேகம் வீல் பேரிங். ஹப் என்பது சக்கரத்தோடு போல்ட் போட்டு இணைந்திருக்கிறது, அதன் உள்பல் ஆக்சில் தண்டில் கோத்திருக்கிறது. பேரிங் தளர்ந்திருந்தால் சக்கரம் ஒரு மையத்திலும் தண்டு வேறொரு மையத்திலும் சுற்றும். அந்த இழுபறி முழுவதையும் ஹப்பின் பல்தான் வாங்கும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரை கொடுத்து நெம்பினால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆட்டம் இருந்தால், உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். மிதித்த பிறகும் ஆடினால், ஸ்டியரிங் ஒடிக்கும்போது சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்.

இரண்டாவது சந்தேகம் ஸ்பிண்டிலுக்குள், அதாவது வீல் பேரிங் உட்காரும் குழாய்க்குள், இருக்கும் புஷ். ஆக்சில் தண்டின் வெளி நுனியைத் தாங்குவது அதுதான். அது தேய்ந்துவிட்டால் தண்டு உள்ளே தொங்கும். வெளியே பேரிங் நன்றாக இருந்தாலும் பலன் இல்லை. ஹப்பைக் கழற்றிய பிறகு தண்டின் நுனியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் புரிந்துவிடும். கடகடவென்று ஆடினால் புஷ் மாற்ற வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். உடும்பஞ்சோலையிலிருந்து ஒரு ஜீப் வந்தது, ஹப் உடைந்திருந்தது. புதுசு மாட்டி அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மூன்றே வாரத்தில் அதே பக்கம் உடைந்து திரும்பி வந்தது. இரண்டாவது முறை திறந்தபோதுதான் ஸ்பிண்டில் புஷ்ஷைப் பார்த்தேன். ஒரு பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்து, மறுபக்கம் இரும்பே தெரிந்தது. அந்த ஓட்டுநர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் இரண்டு ஹப்புக்கான காசு ஒரு தோட்ட ஜீப்காரருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பேரிங்கும் புஷ்ஷும் பார்க்காமல் எந்த ஹப்பையும் நான் மாட்டியதில்லை.

மூன்றாவது, ஓட்டுகிற விதம். இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டுவிட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரம் போகும் தூரம் அதிகம், பின் சக்கரம் போகும் தூரம் குறைவு. சகதியிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு ஆக்சில், ஸ்டியரிங்கோடு தண்டு மடங்கும் மூட்டு, ஹப் என்று எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. மழை தூறுகிறதே, பிடிப்பு இருக்கட்டும் என்று அடிவாரத்திலேயே ஃபோர் வீலைப் போட்டு அத்தனை வளைவையும் அப்படியே ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்த தாரும் தார்தான். ஹப்பை லாக்கில் வைத்திருப்பதில் தப்பில்லை, தாரில் ஃபோர் வீல் லிவரை டூ வீலில் வைத்திருந்தால் போதும். தோட்டத்து மண் தடத்தில் இறங்கும்போது லிவரைப் போடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு லோ கியரில் ஆக்சிலேட்டரை மிதிப்பதும் அதே மாதிரிதான், ஹப்பையும் மூட்டையும் சேர்த்து உடைக்கும்.

நான்காவது கிரீஸ். நான் பார்த்த பட்டறைகளில் பாதிப் பேர் ஹப்பை வெண்ணெய் டப்பா மாதிரி நிரப்பிவிடுகிறார்கள். கிரீஸ் நிறைய வேண்டியது பேரிங்குக்கு. ஹப்புக்குள் நகர்கிற வளையத்துக்கு மெல்லிய பூச்சு போதும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியலைக் காட்ட ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இருட்டோடு கிளம்பும். அந்தக் குளிரில் கெட்டி கிரீஸ் இன்னும் கெட்டியாகி, ஸ்பிரிங் தள்ளினாலும் வளையம் முழுசாக நகராது. குமிழ் லாக்கைக் காட்டும், உள்ளே பல் பாதி ஆழம்தான் கோத்திருக்கும். அப்படியே முதல் ஏற்றத்தில் மிதித்தால் பல்லின் ஓரம் மழுங்கும். ஒருமுறை மழுங்கிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு ஏற்றத்திலும் நழுவும். நீங்கள் சொல்லும் 'டக் டக்' அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஆக்சில் தண்டின் மூட்டு தேய்ந்தாலும் சத்தம் வரும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: சக்கரம் நேராக இருக்கும்போது ஏற்றத்தில் மட்டும் சத்தம் வந்தால் ஹப் பக்கம் சந்தேகம் கூடும், ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்கச் சத்தம் கூடினால் மூட்டுப் பக்கம். கழற்றிப் பார்த்தால்தான் முடிவு.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். ஓடிச் சூடான ஹப், ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பழசாக இருந்தால் அந்த வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு ஆடி மாதத்தில் ஒரு ஹப்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் தேங்காய்ப்பால் நிறத்தில் இருந்தது, ஸ்பிரிங் துருப்பிடித்து மூன்று துண்டாகக் கிடந்தது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்கு மழை தொடங்கும் முன் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை, வருடத்துக்கு இரண்டு தடவை மூடியைக் கழற்றித் துடைத்து, ஓ-ரிங் மாற்றினால் இது வராது. ஓ-ரிங் பெரிய செலவில்லை.

இப்போது வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். கடையில் போய் '540-க்கு ஹப் கொடுங்க' என்று கேட்காதீர்கள். நம் மலையில் ஓடுகிற பழைய ஜீப்புகளில் ஆர்சி புத்தகத்தில் ஒரு வண்டியும் கீழே வேறொரு வண்டியின் ஆக்சிலும் இருப்பது சாதாரணம். கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினார் என்பது உங்களுக்கே தெரியாது. வில்லீஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழி வந்த ஆக்சில் தண்டின் நுனியில் 10 பல் இருக்கும். பிற்கால சிஜே ஜீப் வகையில் 27, சுசுகி ஜிப்சி வகையில் 26. எண்ணிக்கை ஒன்று மாறினாலும் ஏறாது. ஏறாவிட்டால் பரவாயில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பல் எண்ணிக்கை சரியாக இருந்து விட்டம் கொஞ்சம் தளர்வாக இருக்கிற ஹப்தான் மோசம், அது ஏறிவிடும், ஆறு மாதத்தில் தண்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஆகவே ஹப்பைக் கழற்றி, தண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள். வெர்னியரில் தண்டின் விட்டம் எடுங்கள். சக்கரப் பக்கம் எத்தனை போல்ட், ஐந்தா ஆறா, எதிரெதிர் போல்ட் துளைகளின் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து துளை என்றால் எதிர்த் துளை இருக்காது, பழைய ஹப்பின் அச்சை அட்டையில் பதித்து எடுத்துப் போங்கள். கடைசியாக, தண்டின் நுனி சக்கர முகப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது, தண்டு நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் உட்காரும் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். சர்க்ளிப் மாட்ட இடம் இல்லாத ஹப்பை, 'அது இல்லாமலே ஓடும் சார்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். சர்க்ளிப் இல்லையென்றால் தண்டு உள்ளே நகரும், பல் பாதியில் கோக்கும், மறுபடி பழைய கதைதான்.

அளவு பொருந்திய பிறகு தரம். கையில் எடுத்துப் பாருங்கள். உள்வளையமும் பல்லும் எஃகாக இருக்க வேண்டும், பல்லின் ஓரம் கூராக, எல்லாப் பல்லும் ஒரே மாதிரி வெட்டியிருக்க வேண்டும். வெளிக்கூடு வார்ப்பாக இருக்கலாம், ஆனால் துளைகளைச் சுற்றிக் குமிழி, விரிசல் கண்ணில் பட்டால் வேண்டாம். குமிழ் உலோகத்தில் இருப்பது நல்லது. பிளாஸ்டிக் குமிழும் நகரத்தில் நன்றாகவே உழைக்கும். நம் தடத்தில் காப்பிச் செடிக் கட்டையும் கல்லும் அடித்து அது உடைந்தால், தண்ணீர் நேராக உள்ளே போகும். பத்து இருபது தடவை லாக்குக்கும் ஃப்ரீக்கும் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் 'க்ளிக்' என்று நிற்க வேண்டும். அப்புறம் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: இதற்கு உள் ஸ்பிரிங், ஓ-ரிங், சர்க்ளிப் தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், அமெரிக்க வார்ன் ஆனாலும் பிரேசில் ஏவிஎம் ஆனாலும் உள்ளூர்த் தயாரிப்பு ஆனாலும் எனக்குச் சம்மதம். கிடைக்காது என்றால், விலை உயர்ந்ததாக இருந்தும் இரண்டு ரூபாய் வளையத்துக்காக வண்டி நின்றுவிடும். கம்பம், கோட்டயம் இரண்டில் எது உங்களுக்கு நல்லது என்பதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலைப் பொறுத்துத்தான்.

ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பது என் முடிவு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்த வகையில், தண்டு சுற்றத் தொடங்கியதும் உள்ளே ஒரு சரிவுப் பல் வளையத்தைத் தள்ளி லாக் ஆகும். விடுவிக்க வண்டியைச் சில அடி பின்னால் எடுக்க வேண்டும். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் கவலை. சுமையோடு தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது நாம் நம்புவது லோ கியரில் எஞ்சின் பிடிக்கிற பிடிப்பை. அப்போது சக்கரம்தான் தண்டைத் தள்ளுகிறது, விசையின் திசை மாறுகிறது. திசை மாறும்போது சில ஆட்டோமேட்டிக் வகைகள் விடுபட்டுவிடும். எல்லா வகையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் பள்ளத்தாக்காக இருக்கிற தடத்தில், பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, இந்த வகை எப்படியோ என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டாம். கையால் திருப்பும் ஹப் லாக் என்றால் லாக்.

இன்னொரு வழியும் உண்டு, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் கடைக்காரருக்கு லாபம் குறைவு. ஹப்பே இல்லாமல் டிரைவ் ஃபிளேஞ்ச் எனப்படும் கெட்டியான எஃகுத் தட்டை மாட்டிவிடலாம். தண்டும் சக்கரமும் எப்போதும் கோத்தே இருக்கும். உடைய ஸ்பிரிங் இல்லை, குமிழ் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு அது நல்ல ஏற்பாடு. உங்கள் வண்டி வாரம் இரண்டு தடவை கம்பம் சந்தைக்கு இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் யோசிப்பேன். முன் தண்டும் மூட்டும் கிரவுனும் தாரிலும் சும்மா சுற்றித் தேயும். அதைவிட முக்கியம், முன் ஆக்சில் தண்டோ மூட்டோ இரவில் மேட்டில் உடைந்தால், ஹப் இருக்கிற வண்டியில் இரண்டு பக்கத்தையும் ஃப்ரீயில் திருப்பிவிட்டு, உடைந்த துண்டு ஸ்டியரிங் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, பின் சக்கரத்தில் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஃபிளேஞ்சில் அந்த வசதி இல்லை.

ஹப்தான் முதலில் உடைய வேண்டும், அதனால் ரொம்பக் கெட்டியான ஹப் போடக்கூடாது என்று ஒரு கருத்து எங்கள் தொழிலில் இருக்கிறது. ஹப் மாற்ற அரை மணி நேரம், ஆக்சில் தண்டு மாற்ற அரை நாள் என்பது உண்மைதான். ஆனாலும் ஏற்றத்தில் பாதியில் முன்பிடிப்பு போவதைவிட எதுவும் மோசமில்லை என்று எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் அனுபவசாலிகளே. இதில் நான் யாரையும் மறுக்க மாட்டேன். நல்ல தரமான சாதாரண ஹப் போதும் என்பது என் வழக்கம். ஃப்ரீயில் ஓட்டினால் டீசல் மிச்சம் என்பதும் இப்படித்தான். கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் மலை ரோட்டில் அதைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. மழைக்காலம் முழுக்க லாக்கிலேயே விட்டுவைத்து லிவரை மட்டும் பயன்படுத்துங்கள். வெயில் காலத்தில் ஃப்ரீயில் வைத்தால், மாதம் ஒருமுறை லாக் போட்டுப் பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள், உள்மூட்டுகளுக்கு எண்ணெய் ஏறட்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது சில. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் அடித்த போல்ட் வாங்குங்கள், பழைய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது. துளையில் இருக்கும் கிரீஸைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் போல்ட் தளரும். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பாருங்கள். குமிழை விரலால்தான் திருப்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் வண்டியை அரை அடி முன்னோ பின்னோ உருட்டுங்கள், பல் நேருக்கு நேர் வந்ததும் தானே திரும்பும். பிளையர் போட்டுத் திருகி உடைத்த குமிழ்கள் என் பட்டறையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

மாட்டிய பிறகு சோதிக்காமல் மேட்டுக்குப் போகாதீர்கள். முன் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஃப்ரீயில் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஆக்சில் தண்டின் மூட்டு அசையக்கூடாது. இரண்டையும் லாக்கில் வைத்து, எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே கியரும் ஃபோர் வீல் லிவரும் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், மறு சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் இரண்டு ஹப்பும் கோத்துவிட்டன என்று பொருள்.

வாங்குவது ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் ஒரு தயாரிப்பும் மறுபக்கம் இன்னொன்றும் இருந்தால் குமிழ் திரும்பும் திசையே மாறலாம், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கம் லாக், ஒரு பக்கம் ஃப்ரீ என்று விட்டுவிடுவீர்கள். கழற்றிய வலது ஹப் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு சர்க்ளிப்பும் ஆறு போல்ட்டும் சர்க்ளிப் பிளையரும் சேர்த்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். வாங்கப் போகும் முன், பல் எண்ணிக்கை, தண்டின் விட்டம், போல்ட் இடைவெளி, நுனியின் நீளம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பேரிங்கும் புஷ்ஷும் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவற்றைப் பார்த்துவிட்டு எந்த ஹப் என்று சொல்கிறேன்.